தோளுக்குள் தார்ப்பாய் கட்டிய கதை

நலம் விசாரித்த எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. தோள் வலி போய் வாய் வலி வந்தால் அதற்கும் ஒரு டாக்டரைத் தேட வேண்டியிருக்கும் என்பதால் எழுதிவிடுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. “இந்த வயசுல ஆப்ரேஷன் எதுக்கு?” என்று கேட்டவர்களின் பெயர்களை வரிசையாக மனத்தில் வைத்திருக்கிறேன். அவர்களும் படிக்கட்டும்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. புக்கிட் ரோத்தானில் வீடு. சொந்தமாக ஒரு மூன்று டன் லோரி. அறுவடைக் காலத்தில் செகிஞ்சான் வயல்களிலிருந்து ஆலைக்கு நெல் ஏற்றுவேன். மற்ற மாதங்களில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை, சிமெண்டு, கோயில் திருவிழாவுக்கு நாற்காலி, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். நெல் ஆலை வாசலில் லோரிகள் மூன்று நான்கு மணி நேரம் வரிசையில் நிற்கும். மற்றவர்கள் தூங்குவார்கள். நான் புத்தகம் படிப்பேன். முப்பது வருட வரிசையில் ஒரு சிறிய நூலகத்தைப் படித்து முடித்திருக்கிறேன். அதனால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் நீளமான வாய் என்பது என் மனைவி சரோஜாவின் முடிவு.

விழுந்தது இப்படித்தான். மழை நின்று பத்து நிமிடம். அடுத்த மழை கடற்கரைப் பக்கம் கறுத்துக்கொண்டு நின்றது. நெல் ஏற்றியாகிவிட்டது. மேலே தார்ப்பாயை விரித்து, நைலான் கயிற்றை அந்தப் பக்கக் கொக்கியில் கட்டி, இந்தப் பக்கம் வந்து லோரியின் விளிம்பில் நின்று, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தேன். கயிறு என்னோடு வந்துவிட்டது. முதலில் வானம் தெரிந்தது. பிறகு வயல் பாதையின் செம்மண் தெரிந்தது, மிக அருகில். வலது கையை ஊன்றி விழுந்திருந்தேன்.

எப்படி விழுந்தாய் என்று கேட்ட எல்லோரிடமும் கயிறு அறுந்துவிட்டது என்று சொன்னேன்.

கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, ஓய்வெடுங்கள் என்று மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு மட்டுமே தெரியும். எலும்பைப் பிடித்திருக்கும் நார் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. மூன்று வாரம் ஓய்வெடுத்தேன். கை மார்புக்கு மேல் எழவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்து விட்டால், காய்ந்த வாழை மட்டை மாதிரி தொப்பென்று விழுந்தது. பாசிர் பெனம்பாங்கில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் எண்ணெய் போட்டு நீவிவிடுவார் என்றார்கள். போனேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, இது நீவுகிற கேஸ் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போ என்று திருப்பி அனுப்பினார். இந்தக் கதையில் முதலில் சரியாக நோயைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

இதற்குள் வீட்டில் வேறொரு பேச்சு ஆரம்பித்திருந்தது. சரோஜாவின் தம்பி மூர்த்தி ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நல்லவன். நல்லவர்களிடம் உள்ள கஷ்டம், அவர்கள்மேல் நிம்மதியாகக் கோபப்பட முடியாது. சொந்தத் தொழில் செய்ய வேண்டும் என்று அவனுக்கு நெடுநாள் ஆசை. என் லோரியை நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றான். நான் வீட்டில் உட்கார்ந்து படிக்கலாமாம். சரோஜாவும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள். ஒரு தடவை விழுந்தது போதும் என்றாள்.

ஆக, கை எழும்பினால் லோரி என்னுடையது. எழும்பாவிட்டால் மூர்த்தியுடையது. என் நோயை இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் பிறகு எனக்கு விளக்கவில்லை.

பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கி, தேதி வாங்கி, அந்தத் தேதியில் போய் இன்னொரு தேதி வாங்கினோம். காத்திருக்கும் இடத்து நாற்காலிகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைத்தவை. கடைசி நாற்காலிக்காரர் தும்மினால் முதல் நாற்காலிக்காரருக்குத் தோள் வலிக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்பது ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து, காந்தத்தின் வேலையால் உள்ளே இருக்கும் நார், தசை எல்லாவற்றையும் படம் பிடிப்பது. வலிக்காது. ஆனால் யாரோ வெளியிலிருந்து தகர டின்னை அரை மணி நேரம் அடித்துக்கொண்டே இருப்பார்கள். அசையக்கூடாது. பேசவும் கூடாது. எனக்கு இரண்டாவதுதான் சிரமமாக இருந்தது.

எலும்பு டாக்டரின் பெயர் ஷாமினி. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். என்னைப் பார்த்ததும் “வாங்க அங்கிள்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பத்து வயது கூடியது.

படத்தைத் திரையில் காட்டி விளக்கினார். நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். மேல்கை எலும்பின் தலை ஒரு பந்து. நான்கு தசைகளின் நார்கள் சேர்ந்து அந்தப் பந்தைக் குல்லா போல மூடிப் பிடித்திருக்கின்றன. கையைத் தூக்குவதில் அந்தக் குல்லாவுக்குப் பெரிய பங்கு. என் குல்லாவின் மேற்பகுதி எலும்பிலிருந்து பிய்ந்து உள்ளே சுருங்கிக் கிடந்தது. பிய்ந்த நார் தானாக நடந்துபோய் எலும்பில் ஒட்டிக்கொள்ளாது. யாராவது அதை இழுத்து வந்து எலும்பின்மேல் வைத்துக் கட்ட வேண்டும். அப்படி அசையாமல் இருந்தால் சில மாதங்களில் நாரும் எலும்பும் ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்றால் பயிற்சி செய்துகொண்டு, பாதி உயரும் கையோடு காலம் தள்ளலாம்.

எதை வைத்துக் கட்டுவீர்கள், எப்படி முடிச்சுப் போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் அதுவரை கணினியைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெரும்பாலானவர்கள் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்றுதான் கேட்பார்களாம். நான் லோரிக்காரன், தினமும் சுமை கட்டுகிறவன் என்றேன்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீல நூலை எடுத்தார். பயிற்சிக்கு வைத்திருப்பதாம். அதை இழுப்பறையின் பிடியில் கோத்து இரண்டு முனைகளையும் கையில் எடுத்துக்கொண்டார். தோளில் பென்சில் அளவு துளைகள் மூன்று நான்கு போடுவார்கள். ஒன்றில் கேமரா. இன்னொன்றின் வழியாக எலும்பில் சிறு திருகாணியைப் பதிப்பார்கள். திருகாணியோடு வரும் நூலை நாரில் குத்தி எடுத்து, இரண்டு முனைகளையும் துளை வழியாக வெளியே கொண்டுவருவார்கள். முடிச்சை வெளியே போட்டு, ஒரு மெல்லிய கோலால் தள்ளித் தள்ளி உள்ளே இறக்க வேண்டும். விரல் உள்ளே போகாது.

“தண்ணிக்குள்ள போடற முடிச்சு அங்கிள்” என்றார். மூட்டுக்குள் உப்புநீரை விட்டு ஊதவைத்துத்தான் வேலை செய்வார்களாம். நூலும் வழவழப்பு, இடமும் ஈரம்.

மழையில் நைலான் கயிறு. எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

முதலில் போடுவது ஓடுகிற முடிச்சு. திரைச்சீலை வளையம் மாதிரி நூலின்மேல் வழுக்கிப் போய் நாரை எலும்போடு அழுத்தி நிற்கும். ஆனால் ஓடிப் போகத் தெரிந்தது ஓடி வரவும் செய்யும். அதனால் அதன்மேல் அரை முடிச்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாகக் குறைந்தது மூன்று. மூன்றையும் ஒரே திசையில் போட்டால் ஊசியில் கோத்த மணி மாதிரி மொத்தமாக நழுவும். எனவே ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். எந்த நூல் நேராக நிற்கிறது, எது அதைச் சுற்றுகிறது என்பதையும் ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். போட்டுக் காட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள் என்றார். இடது கையால் இழுத்தேன். இழுப்பறைதான் வந்தது. முடிச்சு வரவில்லை.

நழுவினால் எவ்வளவு நழுவலாம் என்று கேட்டேன். அவர் மில்லிமீட்டரில் சொன்னார். நான் என் தொழிலில் மாற்றிப் பார்த்தேன். ஒரு நெல்மணியின் அகலம். நாருக்கும் எலும்புக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி விழுந்தாலே ஒட்டாமல் போகலாம். லோரி லோரியாக நெல் ஏற்றியவனின் பிழைப்பு ஒரே ஒரு நெல்லில் வந்து நின்றது.

அப்போதுதான் அவர் கேஸ் புத்தகத்தில் எழுத, எப்படி விழுந்தேன் என்று கேட்டார். கயிறு அறுந்துவிட்டது என்றேன், வழக்கம் போல.

“நைலானா? அது அவ்ளோ லேசுல அறுந்து போகாதே அங்கிள். எங்க நூலும் அப்படித்தான். அறுந்து போறது ரொம்பக் கம்மி. பிரச்சினைன்னா முடிச்சுலதான்.”

அந்த நீல நூலின் முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

“அறுந்து போகல டாக்டர். நான் போட்ட முடிச்சுதான் நழுவிருச்சு. மழ வருதேன்னு ஒரு சுத்தோட விட்டுட்டேன்.”

பக்கத்தில் இருந்த சரோஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றாள். “வயல்ல முழுசா கெடந்த கயிறச் சுருட்டி வெச்சது யாரு?”

இரண்டு மாதம் அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம்கூடச் சொல்லவில்லை.

ஆப்ரேஷன் என்றதும் ஆலோசகர்கள் வந்தார்கள். ஒருவருடைய மாமாவுக்குக் கால் ஆப்ரேஷன் செய்து கை போய்விட்டது. எப்படி என்று கேட்டால் அது பெரிய கதை. இன்னொருவர், ஐம்பதுக்கு மேல் கையை எதற்குத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், தூக்கி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். உங்களைப் போன்றவர்கள் வரும்போது சரணடையத்தான் என்று சொன்னேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். ஆனால் எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால், அதைச் செய்துவிட வேண்டும் என்ற குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. அதற்கு மட்டும் இன்னும் ஆப்ரேஷன் கண்டுபிடிக்கவில்லை.

முதல் தேதியில் பட்டினியாகப் படுத்திருந்து, மதியம் ஒரு விபத்துக் கேஸ் வந்ததால் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாவது தேதியில் நடந்தது. பக்கத்துக் கட்டிலில் முழங்கால் ஆப்ரேஷனுக்கு வந்த மலாய் மீனவர் ஒருவர் இருந்தார். வலை பின்னுகிறவர். நைலான் நரம்பில் முடிச்சை இறுக்குவதற்கு முன்னால் எச்சில் தொட்டு ஈரமாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஈரமானால் வழுக்கும் என்பது என் கட்சி. காலையிலிருந்து மலாயில் வாதாடினோம். என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது, டாக்டரிடம் கேட்டுவிட்டு வா என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

கேட்க முடியவில்லை. கழுத்தில் ஊசி போட்டு கையை மரக்கவைத்து, பிறகு என்னையும் தூங்கவைத்துவிட்டார்கள். விழித்தபோது யாரோ என் வயிற்றின்மேல் கையைப் போட்டிருந்தார்கள். எடுக்கச் சொன்னேன். அது உங்கள் கைதான் என்றாள் சரோஜா. உப்புநீர் ஏறி, ஒரு தோள் மட்டும் பயில்வானுடையதாக இருந்தது. டாக்டர் வந்து, இரண்டு திருகாணி, நான்கு முடிச்சு, எல்லாம் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்றார். மரப்பு விட்ட பிறகு வந்த வலியை நான் வர்ணிக்கப் போவதில்லை. எவ்வளவு படித்தும் அதற்கு வார்த்தை சேர்த்து வைத்திருக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். பில்லைப் பற்றியும் அதிகம் இல்லை. அரசாங்க மருத்துவமனை, கட்டணம் சொற்பம்; உச்சுக் கொட்டுகிறவர்கள் வேறு வீடு பார்க்கலாம்.

ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட்டிருக்க வேண்டும். இடுப்போடு ஒரு மெத்தை, அதன்மேல் கை, சுற்றிலும் பட்டை. குளிக்கும்போது மட்டும் டாக்டர் சொன்னபடி கழற்றலாம். தானாக உயர்த்தவே கூடாது. சரோஜா சட்டை போட்டுவிட்டாள், சோறு பிசைந்து வைத்தாள், தலை வாரிவிட்டாள். வகிடு மட்டும் தப்பான பக்கம் எடுத்தாள். நான் எதிர்ப்புத் தெரிவிக்கும் நிலையில் இல்லை. மூர்த்தி ஒவ்வொரு செக்கப்புக்கும் ரவாங்கிலிருந்து லீவு போட்டுத் தன் காடியை, அதாவது காரை, ஓட்டிக்கொண்டு வந்தான். லோரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் நிற்கும் அதை, காடியைத் திருப்பும்போது ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள்; கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரும் வருவார்கள், அதாவது ஆலோசகர்கள் எல்லோரும். மெத்தையும் பட்டையுமாகப் போய் நின்றால், லோரி கைமாறிவிட்டதாகச் செய்தி பூசை முடிவதற்குள் கோலாலம்பூர் வரை போய்விடும். எனவே குளித்தபின் தொட்டிலைக் கட்டாமல், கையை வயிற்றோடு ஒட்டிவைத்து மேலே துண்டைப் போர்த்திக்கொண்டேன். அரை மணி நேரம்தானே. சரோஜா வேண்டாம் என்றாள். நான் யார் பேச்சைக் கேட்டேன்?

கடவுளோடு நான் பெரிய பேச்சுவார்த்தை வைத்துக்கொள்கிறவன் இல்லை. நிறையப் படித்து, நிறையச் சந்தேகப்பட்டு, கோயிலில் தூணோரமாக நின்று சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் கட்சி. அன்றும் அப்படித்தான் நின்றேன். திரை விலகியது. மணி அடித்தது. கற்பூரத் தட்டு உயர்ந்தது. கூட்டம் முழுவதும் ஒரே குரலில் அம்மனைக் கூப்பிட்டுக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கியது.

என் கைகளும் உயர்ந்தன. இரண்டும்.

ஐம்பது வருடப் பழக்கம் என் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. வலது கை காதுவரை போய்விட்டது. உள்ளே டக் என்று ஏதோ விட்டது. வலியில் கண் இருண்டு, தூணைப் பிடித்துக்கொண்டேன். அம்மனைப் பார்த்து உருகிவிட்டான் என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார். என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

சரோஜா திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் காலை மூர்த்தி வந்தான். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். அதே இணைத்த நாற்காலிகள். ஒரு மணி நேரம் கழித்து அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

“முடிச்சு போயிருந்துச்சுன்னா லோரிய தம்பிகிட்ட குடுத்துருங்க. மறுபடி முதல்லேர்ந்து இந்த பெஞ்சில உக்கார என்னால முடியாதுங்க.”

மூர்த்தி எழுந்து தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவள் பேசியது லோரியைப் பற்றி இல்லை. நான் விழுந்த அன்று, வயலிலிருந்து யாரோ போனில் கூப்பிட்டு ஆள் விழுந்துவிட்டான் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். அங்கே வந்து சேரும்வரை அவள் என்ன நினைத்துக்கொண்டு வந்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

“சரி” என்றேன்.

டாக்டர் ஷாமினி தோளில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, ஒலி அலையால் படம் காட்டும் கருவியை வைத்து மெதுவாக நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறமாக என்னென்னவோ ஓடியது. அவர் நகர்த்தினார், நிறுத்தினார், திரும்ப வந்தார். நான் திரையைப் பார்க்கவில்லை. சரோஜா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேப் இல்ல” என்றார். “இந்தா, இது எலும்பு. இது நார். நடுவுல ஒண்ணுமே இல்ல, ஒட்டி இருக்கு. டக்குன்னது உள்ள படிஞ்சிருந்த தழும்பு பிரிஞ்சதா இருக்கும். நீங்க பண்ணின வேலைக்கு நழுவியிருக்கணும் அங்கிள். நழுவல.”

எந்த முடிச்சு தாங்கியது என்று கேட்டேன். நான்கும் என்றார். அப்புறம் பத்து நிமிடம் என்னைத் திட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

வெளியே மூர்த்தி மூன்று தண்ணீர் பாட்டிலோடு நின்றான். விஷயத்தைச் சொன்னேன். ஒரு பாட்டிலைத் திறந்து என் இடது கையில் கொடுத்தான்.

“அப்ப நான் வேற லோரி பாக்கறேன் மச்சான். உங்களது எப்படியும் பழசுலா. வாங்க, பசியாறலாம்.”

கான்டீனில் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்து என் தட்டில் அவன்தான் வைத்தான். லோரி பழசு என்றதை மட்டும் நான் மறுத்தேன்.

அதன் பிறகு தூங்கும்போதும் தொட்டிலைக் கழற்றவில்லை. ஆறு வாரம் முடிந்து, விரல்களைச் சுவரில் சிலந்தி மாதிரி ஏற்றும் பயிற்சி. முதல் நாள் இடுப்பளவு. சுவரில் சரோஜா பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கோடுகள் சாமி படத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர மூன்று மாதம் ஆனது. எட்டாவது மாதம் டாக்டர் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகலாம், ஆனால் கயிற்றில் முழு உடம்பையும் தொங்கவிட்டு இழுக்கக்கூடாது என்றார். வலது கை இடது கையைவிட நான்கு விரற்கடை குறைவாகத்தான் எழுகிறது. அந்த நான்கு விரற்கடையை ஆலோசகர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம்.

போன அறுவடையில் செகிஞ்சானுக்குப் போனேன். சரோஜாவும் வந்தாள். முன்னெல்லாம் வரமாட்டாள். நெல் ஏறியது. தார்ப்பாயை விரித்தேன். தரையில் நின்றபடியே கயிற்றைக் கொக்கியில் கோத்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நேராக நிற்கும் கயிற்றை மாற்றி இன்னொன்று என்று நிதானமாகப் போட்டேன். இதற்கு முன்பு நான் கட்டியதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. பின்னால் நான்கு லோரி காத்திருந்தது. ஒருவன் ஹார்ன் அடித்தான். சரோஜா கையைக் கட்டிக்கொண்டு லோரி ஓரமாக நின்று கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொண்ணு போடுங்க” என்றாள்.

ஹார்ன் மறுபடியும் அடித்தது, இந்தத் தடவை நீளமாக. அடிக்கட்டும் என்று நான்காவதைப் போட்டேன்.